கோவைகள் காத்திருந்த காலம்

பதுளை நகரைச் சூழ்ந்து நிற்கும் மலைகளில், பசறை முதல் அப்புத்தளை வரை, தேயிலைக் கொழுந்து கொய்யும் பெண்கள் எல்லோரும் அறிந்த ஓர் உண்மை உண்டு. கொய்த கொழுந்து காத்திராது என்பதே அது. அழுத்தி நிறைத்த கொழுந்து நேரஞ் செல்லச் செல்லச் சூடேறும். சூடேறிய இலை சிவந்து பழுதாகும். ஆகையால் நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலையிலேயே நிறுவை நடைபெறுகிறது. கணக்கப்பிள்ளை இலையைப் பார்க்கிறார். முற்றின இலையைக் கழிக்கச் சொல்கிறார். நிறையைப் பெயருக்கு நேரே குறிக்கிறார். அதன் பின்னரே இலை தொழிற்சாலைக்குச் செல்கிறது. ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் பார்த்து ஒப்புக்கொள்ளாமல் அவ்வேலை அடுத்த படிக்குப் போவதில்லை. ஆனால் அந்தப் பார்வை அன்றைக்கே நிகழ்ந்துவிடுகிறது.

இந்த ஒழுங்கிலே பழகிய மக்கள், ஒருகால், தம் வாழ்க்கை முழுவதையும் ஒரு விண்ணப்பத் தாளில் எழுதி அரசாங்கத்திடம் ஒப்படைத்தனர். அந்தத் தாள்களைப் பார்த்து முடிக்க ஓர் அலுவலகத்துக்குப் பத்து ஆண்டுக்கு மேற்பட்ட காலம் பிடித்தது. கொழுந்துக்குக் கிடைத்த விரைவு கொய்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. பிரஜாவுரிமை விண்ணப்பங்களின் இவ்வரலாறு மலைநாட்டு அரசியலின் ஓர் அத்தியாயம். அதனோடு, பரிசீலனை என்னும் செயலுக்குக் காலம் எத்துணை இன்றியமையாதது என்பதற்கும் அது ஓர் எடுத்துக்காட்டு.

ஊவாவின் மலைகளில் தோட்டங்கள் தோன்றியது கோப்பிக் காலத்திலாகும். 1869ஆம் ஆண்டில் இலங்கையில் தலைகாட்டிய இலைநோயினாற் கோப்பி அழிந்தபின், தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890இல் தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். 1924இல் புகையிரதப் பாதை பதுளையை எட்டியது. காட்டை வெட்டியதும், பாதை அமைத்ததும், செடி நட்டதும் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளரே. இரண்டாம் தலைமுறையும் மூன்றாம் தலைமுறையும் லயங்களிலேயே பிறந்தன. அங்கேயே வளர்ந்து, அதே மலைகளில் வேலைக்குச் சென்றன. 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் அம்மக்கள் வாக்களித்தனர். இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களைப் பெற்றது. பதுளைத் தொகுதியிலிருந்து எஸ். எம். சுப்பையா பாராளுமன்றஞ் சென்றார்.

அடுத்த ஆண்டிலே நிலைமை மாறிற்று. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. இலங்கையிற் பிறந்திருத்தல் மட்டும் அச்சட்டத்துக்குப் போதாது. தந்தையும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் முப்பாட்டனும் இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். லயத்திலே பிறந்த தந்தைக்குப் பிறப்புச் சான்று தேடுவது எளிதன்று. பாட்டனுக்குத் தேடுவதைப் பற்றிக் கூறவே வேண்டியதில்லை. இவ்வாறு விடுபட்டவர்களுக்கென 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம் இயற்றப்பட்டது. அதே ஆண்டில் வந்த இன்னொரு திருத்தச் சட்டத்தினால் பிரஜைகளல்லாதோர் வாக்காளர் இடாப்பிலிருந்து நீங்கினர். ஆகவே விண்ணப்பம் எழுதுவதே எஞ்சிய வழியாயிற்று.

விண்ணப்பதாரி எவற்றை நிறுவ வேண்டும்? 1946 ஜனவரி 1ஆந் திகதிக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டும், மணமாகாதவராயின் 10 ஆண்டும் இடையறாது இலங்கையில் வசித்திருத்தல் வேண்டும். அதன் பின்னரும், விண்ணப்பித்த நாள் வரை, அவ்வதிவு தொடர்ந்திருத்தல் வேண்டும். ஒரே முறையில் 12 மாதத்துக்கு மேற்பட்டு நாட்டைவிட்டு நீங்கியிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கொள்ளப்படும். மனைவி மக்களின் வதிவும் காட்டப்படல் வேண்டும். போதிய வருமானமோ தக்க தொழிலோ இருத்தல் வேண்டும். இவை யாவும் சத்தியக் கடதாசியோடு எழுத்திலே கூறப்படல் வேண்டும்.

சட்டப் புத்தகத்தில் இவை சில வரிகளே. லயத்து வாழ்க்கையில் ஒவ்வொரு வரியும் ஒரு மலை. வேலை செய்த நாள்களின் கணக்கு செக்ரோலில் இருந்தது. செக்ரோலோ தோட்டக் கந்தோரில் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாறியவரின் கணக்கு இரண்டு மூன்று கந்தோர்களிற் சிதறிக் கிடந்தது. பிள்ளைப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்ற பெண், பெற்றோரின் நோய் கேட்டுத் திருச்சிராப்பள்ளிக்கோ இராமநாதபுரத்துக்கோ சென்ற ஆண், எத்தனை மாதத்தில் திரும்பினார் என்பதைத் திகதியோடு நிறுவ வேண்டியவராயினர். நிரூபிக்க வேண்டியவர் ஒருவர். நிரூபணம் இருந்த அலுமாரியின் திறப்பு இன்னொருவர் கையில். இந்த ஏற்பாடே பின்னர் நேர்ந்த தாமதத்துக்கெல்லாம் வித்தாயிற்று.

விண்ணப்பிக்க இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது. அது 1951 ஆகஸ்ட் 5ஆந் திகதி முடிவடைந்தது. சட்டத்தின் நிபந்தனைகளை எதிர்த்த இலங்கை இந்தியக் காங்கிரஸ் முதலில் விண்ணப்பிப்பதையே புறக்கணித்தது. பின்னர் அம்முடிவை மாற்றிக்கொண்டது. அதன் பயனாக, இரண்டு ஆண்டிற் பரவலாக வந்திருக்க வேண்டிய விண்ணப்பங்களுட் பெரும்பகுதி இறுதி மாதங்களில் ஒருங்கே வந்து குவிந்தது. ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் சேர்ந்தன. மனைவியரையும் பராயமடையாத பிள்ளைகளையும் கூட்டினால் அவற்றில் அடங்கியோர் ஏறத்தாழ 8,25,000 பேராவர்.

இனி அலுவலகத்துக்குள் நடந்ததைப் பார்த்தல் தகும். விண்ணப்பம் ஆணையாளரை அடைந்ததும், விசாரணை உத்தியோகத்தர் ஒருவர் அதிற் கூறப்பட்டவற்றைச் சரிபார்த்து அறிக்கை எழுத வேண்டும். விண்ணப்பதாரியின் பக்கம் நியாயம் இருப்பதாக முதற்பார்வையில் தோன்றினால், ஆட்சேபம் உண்டோ எனப் பகிரங்க அறிவித்தல் விடப்படும். தோன்றாவிட்டால், ஏன் நிராகரிக்கலாகாது என மூன்று மாதத்துக்குட் காரணங் காட்டுமாறு விண்ணப்பதாரிக்கு அறிவித்தல் செல்லும். காரணங் காட்டினால் விசாரணை நடைபெறும். அதன் முடிவு ஏற்கத்தக்கதன்று எனக் கருதுவோர் உயர் நீதிமன்றஞ் செல்லலாம். ஒவ்வொரு படியும் தனித்தனியே நோக்கின் நீதிக்கு உகந்ததாகவே தோன்றும். ஆனால் அத்தனை படிகளையும் ஒவ்வொரு கோவையும் ஏறிக் கடக்க வேண்டியிருந்தது.

இங்கே சிறு கணக்கொன்று உதவும். ஓர் அலுவலகம் நாளொன்றுக்கு நூறு விண்ணப்பங்களை முற்றாகத் தீர்த்துவிடுவதாகக் கொள்வோம். ஆண்டுக்கு முந்நூறு வேலைநாள் எனக் கொண்டால், ஆண்டொன்றுக்கு 30,000 விண்ணப்பம் தீரும். அந்த வேகத்திற்கூட 2,37,000 விண்ணப்பங்களைத் தீர்க்க ஏறத்தாழ எட்டு ஆண்டு செல்லும். வந்து குவியும் வேலைக்கும் அதைப் பார்த்து முடிக்கும் கைகளுக்கும் இடையேயுள்ள விகிதத்தை முன்கூட்டியே எண்ணாவிடின், எத்துணை ஊக்கமுள்ள உத்தியோகத்தரும் தோற்றுப்போவார் என்பதை இக்கணக்குக் காட்டும்.

தாமதம் தாமதத்தைப் பெறும். கோவை ஈராண்டு உறங்கியபின் விசாரணை உத்தியோகத்தர் தோட்டத்துக்கு வந்தால், விண்ணப்பதாரி வேறு தோட்டத்துக்கு மாறியிருக்கலாம்; கணக்கை அறிந்திருந்த கணக்கப்பிள்ளை ஓய்வு பெற்றிருக்கலாம்; சாட்சி கூறவேண்டிய முதியவர் மறைந்திருக்கலாம். விண்ணப்பத்தில் ‘பராயமடையாத பிள்ளை’ என எழுதப்பட்டவர் வளர்ந்து மணமாகியிருக்கலாம். அக்காலத்தில் தோட்டத் தொழிலாளரின் கடிதங்கள் தோட்டக் கந்தோர் வழியாகவே அவர்கள் கைக்கு வந்தன. மூன்று மாதத்துக்குள் மறுமொழி வேண்டும் எனக் கூறும் அறிவித்தல், மாறிச் சென்ற ஒருவரைத் தேடி அலைந்தால், அந்த மூன்று மாதமும் வழியிலேயே கழிந்துவிடக் கூடும். அலுவலகத்தின் தாமதத்துக்குத் தண்டனை இல்லை. விண்ணப்பதாரியின் தாமதத்துக்கோ நிராகரிப்பே தண்டனை.

1952 ஏப்ரலில், பிரஜாவுரிமையும் வாக்குரிமையும் மறுக்கப்பட்டதை எதிர்த்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பிலே சத்தியாக்கிரகந் தொடங்கிற்று. மாதக்கணக்காக அது நீடித்தது. அவ்வாண்டுப் பொதுத் தேர்தலில், ஐந்தாண்டுகளுக்கு முன் ஏழு உறுப்பினரை அனுப்பிய அமைப்பிலிருந்து ஒருவரும் பாராளுமன்றஞ் செல்லவில்லை.

தாமதம் என்பது வெறும் அலுவலகக் குறைபாடன்று, இரு நாடுகளுக்கு இடையிலான பிரச்சினை என்பதை 1954 ஜனவரியில் டெல்லியிற் கைச்சாத்தான ஒப்பந்தம் வெளிப்படையாகவே ஏற்றுக்கொண்டது. பிரதமர்களான ஜவஹர்லால் நேருவும் சேர் ஜோன் கொத்தலாவலையும் செய்துகொண்ட அவ்வொப்பந்தத்திலே, நிலுவையிலுள்ள விண்ணப்பங்களை விரைவுபடுத்தி, இரண்டு ஆண்டுக்குள் அவற்றைத் தீர்த்துவைக்க எல்லா முயற்சியும் செய்யப்படும் என்னும் வாசகம் இடம் பெற்றது. இரண்டு ஆண்டு கழிந்தது. விண்ணப்பங்கள் தீரவில்லை. 1960களின் முற்பகுதியிலேதான் அப்பணி முடிவுக்கு வந்தது. திகதியைக் குறிப்பது எளிது. அந்தத் திகதிக்கு ஏற்ப வேலையின் முறையை மாற்றுவதே அரிது.

முடிவு யாது? பிரஜாவுரிமை பெற்றோர் ஏறத்தாழ 1,34,000 பேர். விண்ணப்பங்களில் அடங்கியோருள் இது ஏறத்தாழ ஆறில் ஒரு பங்காகும். எஞ்சியோர் எந்த நாட்டினதும் பிரஜைகளல்லாதோராய் நின்றனர். நிராகரிப்புக்கெல்லாம் தாமதமே காரணம் எனக் கூறுதல் பொருந்தாது. சட்டத்தின் நிபந்தனைகளே கடுமையானவை. அவற்றைப் பொருள்கொண்ட முறையும் கடுமையானது. ஆனால் கடுமையான சட்டத்தை விரைவாக நடத்தியிருந்தால், பிழையுள்ள விண்ணப்பம் பிழை திருத்தும் காலத்திலேயே திரும்பி வந்திருக்கும். இல்லாத சான்றைச் சான்று கிடைக்குங் காலத்திலேயே தேடியிருக்கலாம். பத்து ஆண்டு சென்றபின் சுட்டிக்காட்டப்படும் பிழை திருத்தத்துக்கு உரிய பிழையன்று, அது தீர்ப்பு.

காத்திருந்தோரின் வாழ்க்கை எவ்வாறிருந்தது என்பதையும் கருத வேண்டும். பிரட்டுக்களத்தில் அதிகாலையிற் பெயர் கூப்பிடும்போது அவர்கள் இருந்தனர். வாக்காளர் இடாப்பில் இல்லை. ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை வீசும் வறண்ட காற்றிலே உருவாகும் நறுமணத் தேயிலை உலகச் சந்தையில் உயர்ந்த விலை பெற்றது. அத்தேயிலையைக் கொய்த பெண்ணின் மகனுக்கு அரசாங்க உத்தியோகத்தின் கதவு மூடியிருந்தது. குடியேற்றத் திட்டத்திற் காணித்துண்டு கேட்கும் உரிமையும் இல்லை. கோவை திறந்திருக்கும் வரை நம்பிக்கையும் மூடப்படவில்லை. ஊர் திரும்புவதா, இங்கேயே வேரூன்றுவதா என முடிவு செய்ய இயலாமல் குடும்பங்கள் ஆண்டுக்கணக்காக நின்றன. ‘இல்லை’ என்னும் மறுமொழியாவது உரிய காலத்திற் கிடைத்திருந்தால், அவர்கள் வேறு வழி தேடியிருப்பார்கள்.

1964 அக்டோபர் 30ஆந் திகதி, பிரதமர்களான சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் புதியதோர் ஒப்பந்தஞ் செய்தனர். 9,75,000 பேர் எனக் கணிக்கப்பட்டோருள், 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் 15 ஆண்டிற் பிரஜைகளாக ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொள்வதென 1974இல் இன்னோர் ஒப்பந்தம் கூறிற்று. மீண்டும் விண்ணப்பங்கள், மீண்டும் வரிசைகள், மீண்டும் காத்திருப்பு. பதுளையிலும் பண்டாரவளையிலும் புகையிரதமேறித் தலைமன்னாருக்குச் சென்ற குடும்பங்களை வழியனுப்ப உறவினர் மேடையில் நின்று அழுத காட்சி, மலைநாட்டு மக்களின் நினைவிலிருந்து இன்றும் அகலவில்லை.

நாடற்றோர் பிரச்சினைக்கு இலங்கைப் பாராளுமன்றம் 1986இலும் 1988இலும் சட்டங்கள் இயற்றியது. ஆயினும் ஆவணமில்லாமற் பலர் எஞ்சினர். 2003 அக்டோபரிற் பாராளுமன்றம் ஒருமனதாக இன்னொரு சட்டத்தை நிறைவேற்றிற்று. 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் அது பிரஜாவுரிமை அளித்தது. அவ்வாண்டு டிசம்பரில், ஐக்கிய நாடுகளின் அகதிகளுக்கான உயர் ஸ்தானிகராலயத்தின் துணையோடு ஓர் இயக்கம் நடைபெற்றது. தோட்டப் பிரதேசங்களிலேயே நிலையங்கள் திறக்கப்பட்டன. தொண்டர்கள் படிவம் நிரப்ப உதவினர். பத்தே நாளில் 1,90,000 பேருக்கு மேற்பட்டோர் பிரஜாவுரிமை பெற்றனர்.

இரண்டையும் அருகருகே வைத்து நோக்கின் வியப்பாயிருக்கும். ஒரு பக்கம் பத்து ஆண்டுக்கு மேல். மறுபக்கம் பத்து நாள். இரு சட்டங்களின் நோக்கமும் வேறு, கேட்ட தகைமையும் வேறு என்பது உண்மையே. ஆயினும் முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு, கற்கத்தக்கது அதுவே. 2003இற் பார்வையிடுவோரின் உழைப்பு மட்டும் கூடவில்லை. பார்வையிடப்பட வேண்டியதே சுருங்கிற்று. நாற்பது தாள்களாற் காட்ட வேண்டியதை ஒரு பிரகடனத்தாற் கூறினால் போதும் என்றாயிற்று. விண்ணப்பதாரி அலுவலகத்தைத் தேடிச் செல்லவில்லை. அலுவலகம் அவரைத் தேடி வந்தது. பிழை இருந்தால் எழுதியவர் முன்னிலையிலேயே திருத்தப்பட்டது. மறுமொழிக்கு எல்லை வைக்கப்பட்டது. அந்த எல்லைக்கேற்ப ஆட்களும் நிறுத்தப்பட்டனர்.

இது அரசாங்கக் கந்தோருக்கு மட்டும் உரிய பாடமன்று. ஒருவர் செய்ததை இன்னொருவர் பார்த்து ஒப்பவேண்டிய தொழில்கள் யாவற்றுக்கும் பொருந்தும். கணினி நிரல் எழுதும் குழுக்களில், ஒருவர் எழுதிய நிரலைச் சகபாடி ஒருவர் வாசித்து ஒப்பிய பின்னரே அதைப் பொது நிரலோடு சேர்ப்பது இன்று வழக்கமாயுள்ளது. அங்கும் முறைப்பாடு ஒன்றே: எல்லோருக்கும் சொந்த வேலை மிகுதி, பிறர் வேலையைப் பார்க்க நேரமில்லை. கூகிள் நிறுவனம் தன் பொறியியலாளருக்கென வகுத்து, உலகறிய வெளியிட்ட வழிகாட்டி, அத்தகைய வேண்டுகோளுக்கு மறுமொழி கூற ஒரு வேலைநாளே உச்ச எல்லை என்கிறது. முற்றாகப் பார்க்க நேரமில்லாவிடினும், எப்போது பார்க்கலாம் என்பதையாவது சொல்லிவிடுமாறு அது வேண்டுகிறது. பெரிய நிரலைச் சிறு சிறு பகுதிகளாகப் பிரித்து அனுப்புமாறும் கூறுகிறது. மலையில் நாளுக்கு மூன்று முறை நிறுவை பார்ப்பதன் தத்துவமும் இதுவே. சிறு சுமை, அருகிலே பார்வை, அன்றைக்கே முடிவு.

பதுளையில் 2005ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகத்தில் இன்று கணினியியல் கற்பிக்கப்படுகிறது. தங்கள் பாட்டன்மார் எழுதிய விண்ணப்பங்களின் கதையை அம்மலைகளின் இளைஞர்கள் அறிந்திருத்தல் நன்று. நாளை அவர்களுடைய மேசைக்கும் பிறருடைய வேலை பார்வைக்கு வரும். அது ஒரு நிரலாயினும், ஒரு நோயாளியின் சீட்டாயினும், ஓர் ஏழையின் மனுவாயினும், அதை மேசையின் ஓரத்தில் ஒதுக்கி வைப்பது எளிதாயிருக்கும். பார்ப்பவருக்கு அது பல தாள்களில் ஒரு தாள். அனுப்பியவருக்கோ அவருடைய அடுத்த நாள் அதிலே அடங்கியிருக்கிறது.

சரிபார்த்தல் வேண்டும் என்பதில் ஐயமில்லை. பாராமல் ஒப்புதல் அளிப்பது கவனமின்மை. ஆனால் காலங்கடந்து பார்ப்பது கவனமாகாது. கொழுந்து சிவந்தபின் நிறுத்துப் பார்ப்பதால் நிறை தெரியும், தேயிலை கிடைக்காது.